கட்டி போனது, வலி போகவில்லை

"இப்ப வலி எப்படி இருக்கு?" என்று நர்ஸ் கேட்டதும் பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலி துளிகூட இல்லை. ஆனால் அதைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே!

"இருக்குங்க சிஸ்டர். லேசா."

ஊரில் பாதி வீட்டுக்கு மாற்றுச் சாவி போட்டுக் கொடுத்தவர் அவர். அவர் வீட்டுக் கதவைத் தட்டத்தான் ஒரு நாதியில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சுவரோடு பேசிப் பேசி, சுவருக்கே அலுத்துப்போயிருக்கும். அப்படிப்பட்டவருடைய இரைப்பையில்தான் ஒரு கட்டி வந்தது.

எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கு வாயே திறக்கவில்லை. ஸ்கேன், கட்டி இருக்கிறது என்றது. என்ன கட்டி என்று சொல்லவில்லை. புற்றாகவும் இருக்கலாம் என்று பயமுறுத்தினார்கள். பெரிய சர்ஜன் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரைப்பையின் ஓரத்தோடு சேர்த்துக் கட்டியை வெட்டி எடுத்தார். லேபில் சாயம் ஏற்றிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

"நரம்பு மேல ஒரு உறை இருக்கில்ல, அதுல முளைச்ச கட்டி. இரைப்பையில வர்றது ரொம்ப அபூர்வம். கெட்டது இல்ல. முழுசா எடுத்தாச்சு, இனிமே வராது," என்றார் சர்ஜன், கட்டிலோரம் உட்கார்ந்தபடி.

"வரவே வராதா?" பூட்டுக்காரரின் முகம் தொங்கிப்போனது. அவர் கவலை கட்டியைப் பற்றி அல்ல, இனி டாக்டர் வருவாரா என்பதைப் பற்றி.

தினமும் சாயங்காலம் சர்ஜன் வந்து உட்கார்ந்துவிடுவார். "சாவி தொலைஞ்ச பூட்டை எப்படித் திறப்பீங்க?" என்பார். "உடைக்கக் கூடாது டாக்டர், காதை வச்சுக் கேக்கணும்," என்று ஆரம்பித்தால் பூட்டுக்காரருக்கு நேரம் போவதே தெரியாது. மனைவியிடம்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை.

அந்த 'லேசா' வினையாகிவிட்டது. சாப்பாட்டை நிறுத்தி, மறுபடி சலைன் பாட்டிலை மாட்டினார்கள். பசி தாங்காமல், "வயித்துல இல்லீங்க, தோள்ல," என்று மாற்றிச் சொன்னார். உடனே நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பயந்துபோய், "தோளும் இல்ல, முதுகு," என்றார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் வார்டைப் பார்த்துக்கொண்ட சின்ன டாக்டரைக் கலக்கியது.

"தையல் போட்ட இடத்துல கசியுதோ என்னவோ. எதுக்கும் நாளைக்குத் திரும்பத் துளை போட்டுப் பாத்துடலாம்."

பூட்டுக்காரர் பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே.

சாயங்காலம் சர்ஜன் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்க டாக்டர். எனக்கு வலியே இல்ல. அத்தனையும் பொய்."

"பொய்யா? எதுக்கு?"

"வலிக்குதுன்னு சொன்னாத்தானே நீங்க வருவீங்க? வீட்டுக்குப் போனா எனக்குப் பேச ஆளில்ல."

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். திட்டு விழவில்லை. கண்ணைத் திறந்தால் சர்ஜனின் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பிடலாம். சின்ன டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்." குரல் எழும்பவே இல்லை. எழுந்து போய்விட்டார்.

பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கிடைத்த ஒரே மனுஷரையும் பொய் சொல்லி விரட்டியாயிற்று. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் புலம்பினார்.

"எத்தனை நோயாளிங்க அவருக்காகக் காத்துக் கிடப்பாங்க! அவரோட நேரத்தையெல்லாம் நானே தின்னுட்டேனே ஆயாம்மா."

ஆயாம்மா துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"எந்த நோயாளி? உங்களுக்கு ஆபரேஷன் பண்ண மறுநாளே அவரு ரிட்டயர் ஆயிட்டாருங்க; வீட்ல யாருமில்லாம, உங்க வலியைச் சாக்கு வச்சுத்தான் தினம் இங்க வந்துட்டிருந்தாரு."