மூன்று வீடு சுற்றிய வெட்டுக்கிளி

பவானிபூர் வீட்டில் அன்று மாலை நான்கு மணிக்கு இருந்தவர்கள் மஹாதேவன், அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, கொலுவுக்காகக் காலையிலேயே வந்துவிட்ட அவர் தங்கை காமு. கண்ணாடி ஜாடியின் மூடி விலகிக் கிடந்தது; உள்ளே இருந்திருக்க வேண்டிய வெட்டுக்கிளி மட்டும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. அந்நாளில் பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நவராத்திரி வந்தால் ஒரு வீட்டுச் சுண்டல் வாசனை நாலு வீட்டைக் கூப்பிடும். அப்படியொரு காலம் அது.

மஹாதேவனுக்கு அலிப்பூரில் ஒரு துரையிடம் பூச்சிப் படம் வரையும் உத்தியோகம். சருகு, புல், மரப்பட்டை என்று வெட்டுக்கிளிகள் போடும் வேஷமெல்லாம் பார்த்தவர். இதற்கு வெற்றிலை வேஷம். நடு நரம்பு, கிளை நரம்பு, ஓரத்தில் அழுகல் புள்ளிகூட உண்டு. நாளைக் காலை அதை உயிரோடு கொடுக்காவிட்டால் உத்தியோகம் போய்விடும்.

"ஜாடி பக்கத்துலதான் தாம்பூலத் தட்டு இருந்தது. அதுல இருந்த தாம்பூலத்தை மத்தியானம் நாகலக்ஷ்மிக்கு அப்படியே எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"பூச்சின்னு தெரியலையா?"

"காம்பு கொஞ்சம் நீளமாத்தான் இருந்தது."

கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்பதா? அது அவர் வம்சத்திலேயே நடக்காத காரியம். கொலு பார்க்கும் சாக்கில் மனைவியோடு கிளம்பினார்.

மத்தியானத் தாம்பூலம் எங்கே என்று பேச்சுவாக்கில் விசாரித்ததும் நாகலக்ஷ்மி நெளிந்தாள். "ஜெயலக்ஷ்மி வந்தா. எதிர்ல இருந்தது, குடுத்துட்டேன்."

"வாங்கின தாம்பூலத்தையா?" என்றார் மஹாதேவன்.

அதோடு சுண்டல் வரவில்லை.

ஜெயலக்ஷ்மி வீட்டில் ஒன்றும் கேட்பதில்லை என்று தீர்மானித்தார். மனைவிக்குக் கிடைத்த தாம்பூலத்தை வாசலிலேயே பிரித்து, வெற்றிலை வெற்றிலையாக ஊதிப் பார்த்தார்.

"என்ன மாமா, எண்ணறேளா? குறைஞ்சா சொல்லுங்கோ, ரெண்டு சேர்த்துத் தரேன்!" என்றாள் ஜெயலக்ஷ்மி.

மானம் போயிற்று. இனி மறைத்து என்ன பயன்? விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ, அதை விஜயலக்ஷ்மிக்குக் குடுத்தேனே, இப்பத்தான்!"

விஜயலக்ஷ்மி வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். அவள் அனந்தலக்ஷ்மியிடம் தட்டை நீட்டியதும், மேல் வெற்றிலை ஒரு காலைத் தூக்கியது.

மஹாதேவன் பாய்ந்தார். கொலுவில் செட்டியார் பொம்மை உருண்டது. பெண்கள் அலறினார்கள். வெட்டுக்கிளி அங்கவஸ்திரத்துக்குள் அகப்பட்டது.

உத்தியோகம் பிழைத்தது. மானமும் பிழைக்க வேண்டாமா?

"எங்காத்துத் தாம்பூலம் மூணு வீடு சுத்தியிருக்கு! வாங்கினதைக் கைமாத்தறது எங்க வம்சத்துல கிடையாது. தெரிஞ்சுக்கோங்கோ!" என்று நிமிர்ந்து நின்றார்.

"போறும், வாங்கோன்னா" என்று அனந்தலக்ஷ்மி அவசரமாக அவரை வெளியே இழுத்தாள்.

மஹாதேவன் வீட்டுத் தாம்பூலம் மூன்று வீடு சுற்றிய கதையைப் பவானிபூர் பல வருஷம் சொல்லிச் சிரித்தது. அவரும் அதைப் பெருமையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நவராத்திரியில், சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த காமு திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மூணு வீடுங்கறது தப்பு, அண்ணா. நாலு. அன்னிக்குக் காலம்பற அந்தத் தாம்பூலத்தை மன்னிக்குக் குடுத்ததே விஜயலக்ஷ்மிதான்."