மூக்கம்மாளின் மாதிரிக் குவாரி

மூக்கம்மாளுக்கு ஒரே பயம், விஷயத்தைத் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புளியறையிலிருந்து தென்காசி வருகிற வரை பஸ்ஸில் உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். 'நம்பிராஜன் அண்ணாச்சி குவாரியில மத்தியானம் மத்தியானம் வெடி போடுதாங்க சார். என் வீட்டுச் சுவரு விரிஞ்சு போச்சு. விரிசலுக்குள்ள கை நுழையுது.' அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் ஆபீஸில் ஒரு சொல் முன்னே பின்னே போனால் இருக்கிற வீடும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மனு வாங்குகிற இடத்தில் அவளைக் 'கனிம நிர்வாக வலுவூட்டல் பிரிவு' என்ற மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரி மந்திரமூர்த்தி மனுவை முழுவதும் படித்தார். படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. பாதிக்கப்பட்ட பொதுமக்கள் ஒருத்தர் குறையுது."

"எதுக்கு சார்?"

"பயிற்சிக்கு. குற்றாலத்துல மூணு நாள்."

சுரங்க நிர்வாகத்தை வலுப்படுத்துவதற்காகப் பல ஊர்களிலிருந்தும் நாற்பது அதிகாரிகள் வந்திருந்தார்கள். சாரல் தொடங்கிய பிறகுதான் நிர்வாகம் பலவீனமாக இருப்பது மேலிடத்துக்குத் தெரிய வரும். காலையில் ஐந்தருவி, மத்தியானம் வெளிப்படைத்தன்மை, சாயங்காலம் மறுபடியும் ஐந்தருவி. மூக்கம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சொன்னபோதெல்லாம் எழுந்து நின்று பாதிக்கப்பட்டாள்.

மூன்றாம் நாள் கள ஆய்வு. நம்பிராஜன் குவாரிக்குத்தான் போவதாக இருந்தது. ஆனால் அங்கே வேலி இல்லை, பலகை இல்லை, பதிவேடு இல்லை. பள்ளமோ எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அதைக் காட்டினால் பயிற்சி பெறுவோர் மனதில் குவாரியைப் பற்றித் தவறான எண்ணம் பதிந்துவிடும் என்று மந்திரமூர்த்தி கவலைப்பட்டார். ஆகவே மூக்கம்மாள் வீட்டுப் புறவாசலில் ஒரு மாதிரிக் குவாரி வெட்டப்பட்டது.

பத்தடி நீளம், இடுப்பளவு ஆழம். சுற்றிலும் முள்கம்பி, பச்சைப் பலகை, நான்கு மூலைக்கும் நான்கு வேப்பங்கன்று. நாற்பது பேரும் மஞ்சள் தொப்பி போட்டு வரிசையாக இறங்கி வரிசையாக ஏறினார்கள். ஒருவர் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினார். உரிமையாளர் பெயர் இல்லாமல் ஏறாது என்றதால் மூக்கம்மாள் பெயரைப் போட்டார். அவளுக்கு ஒரு சான்றிதழும், ஒரு கையேடும், மிஞ்சிய புரோட்டாப் பொட்டலமும் கிடைத்தன.

"குழியை மூடலையா சார்?"

"சுரங்கத்தைச் சும்மா மூட முடியாதும்மா. மூடல் திட்டம் போடணும். அது அடுத்த சீசன் பயிற்சி."

மறு வாரம் அண்ணாச்சி குவாரி வெடியில் அடுப்படி ஓடு மூன்று விழுந்தது. ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது.

'தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. குவாரிக்கும் குடியிருப்புக்கும் இடையே முந்நூறு மீட்டர் இருத்தல் வேண்டும். தங்கள் வீடு குவாரியிலிருந்து நான்கே மீட்டரில் இருப்பது கள ஆய்வில் ஐயமற நிறுவப்பட்டது. தங்கள் புகாரில் முழு உண்மை உள்ளது. எனவே பதினைந்து நாட்களுக்குள் வீட்டை அகற்றிக்கொள்ளவும்.'

மூக்கம்மாள் தென்காசி ஆபீஸுக்கு ஓடினாள்.

"சார், அது நீங்க வெட்டின குழி."

"குழின்னு சொல்லாதீங்க. எல்லா ஆவணமும் சரியா இருக்கிற குவாரி. எங்களுக்கே பெருமையா இருக்கு."

"அப்ப அண்ணாச்சி தோண்டுதது?"

"வேலி இருக்கா?"

"இல்ல சார்."

"பலகை?"

"ஒண்ணும் இல்ல. பள்ளம்தான் இருக்கு. கல்லு லாரி லாரியா கேரளாவுக்குப் போவுது."

"அப்ப அது குவாரியே இல்லம்மா. பயிற்சியில முதல் பாடமே அதுதானே. நீங்களும் உக்காந்து கேட்டீங்களே."

கேட்டிருந்தாள். சான்றிதழ் வேறு வாங்கியிருந்தாள்.

திரும்பும் வழியில் நம்பிராஜனிடமே முறையிட்டாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"முப்பது வருசமா தோண்டுதேன், ஒரு நோட்டீஸ் கண்டதில்ல. உனக்கு எதுக்கு மூக்கம்மா இந்தத் தொழிலு? வேலி, பலகைன்னு ஆடம்பரமா ஆரம்பிச்சா நாலு பேரு கண்ணுல படத்தானே செய்யும்."

"நான் எங்க அண்ணாச்சி ஆரம்பிச்சேன்?"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்பது நாள் ஆயிற்று. பதினேழாம் பக்கத்தில் இருந்தது: குவாரியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு கூடாது; குவாரி அலுவலகம் இருக்கலாம்.

பதினாறாம் நாள் மந்திரமூர்த்தி ஜேசிபியோடு வந்தார். வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. விரிசலுக்கு மேலே சுண்ணாம்பால், 'குவாரி அலுவலகம்.'

"வீடு எங்கம்மா?"

"இங்கன வீடு ஏது சார்? ஆபீஸ்தான் இருக்கு."

அவர் சுற்றிப் பார்த்தார். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அது அவருடைய ஆய்வு வரம்புக்குள் வரவில்லை. 'குடியிருப்பு அகற்றப்பட்டது, மனு முடிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு ஜேசிபியைத் திருப்பினார்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாரிச்செல்வி ஒரு தாளோடு வந்தாள்.

"ஏட்டி மாரி, வெளியிலயே நிக்கே? உள்ள வா."

"மனு கொடுக்க வந்தேன் மயினி. தென்காசிக்குப் போனேன். உங்க ஊர்ல குவாரி ஒண்ணுதான் இருக்கு, அந்த ஆபீஸ்லயே கொடுன்னுட்டாங்க. வெடியில எங்க சுவரும் விரிசல் விட்டுட்டு. பிள்ளையை அதுக்குக் கீழதான் படுக்கப் போடுதேன்."

"அது அண்ணாச்சி வெடி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப இது குவாரி இல்ல, வீடுதான்னு ஒரு வரி எழுதித் தாங்க. அது இருந்தா அண்ணாச்சி பள்ளத்தை வந்து பாக்கோம்னு சொல்லுதாங்க."

மூக்கம்மாள் தாளைப் பார்த்தாள். மாரிச்செல்வியைப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், விரிசலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு வரியை எழுதினால் ஜேசிபி திரும்பி வரும்.

மெல்ல மேசையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனுவை வாங்கி, முழுவதும் படித்து, நான்காக மடித்து, காற்றில் பறக்காமல் ஒரு ஓட்டுத் துண்டை மேலே வைத்தாள்.

"பரிசீலிக்கோம்மா," என்றாள். "திங்கக்கிழமை வாங்க."