நோர்வே மாப்பிள்ளையும் எங்கள் 'நீரோட்டமும்'

அத்திலாந்திக் சமுத்திரத்துக்காக வாடகை வீட்டில் சண்டை பிடித்த ஒரே தமிழன் எங்கள் 'நீரோட்டம்'தான். இல்லை என்கிறவர் நேரே வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில், நாங்கள் பிழைக்க வந்த குளிர்நாட்டில், வோபர்ன் என்ற இடத்தில் ஓர் அப்பார்ட்மென்ட். ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர், குளியலறை ஒன்று. நீரோட்டத்துக்குப் பிறம்ரன் நகரத்தில் வெயர்ஹவுஸ் வேலை. வேலை முடிந்தால் லைப்ரரி. லைப்ரரி முடிந்தால் எங்கள் காது. கடல் நீரோட்டங்களைப் பற்றி வாசித்ததையெல்லாம் அதற்குள்தான் கொட்டுவார்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

ஒரு சனிக்கிழமை குளிக்கப் போனால் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதன்மேல் மஞ்சள்தூள் கலந்து உறையவைத்த ஐஸ்கட்டிகள். கறிக்குப் போட வீட்டில் ஒரு கல் உப்பு மிச்சமில்லை. தொட்டிக்கரையில் நீரோட்டம் குந்தியிருந்தார்.

"வடிவாய்ப் பாருங்கோ. உருகின மஞ்சள் தண்ணி மேலையே நிக்குது, தாழுதில்லை. உப்புத் தண்ணிதான் கனம். வடக்கை கடல் குளிர்ந்து கனத்துத் தாழுறதாலைதான் தெற்கிலை இருந்து சூட்டுத் தண்ணி இழுபட்டு வருது. கிறீன்லாந்து ஐஸ் உருகி நல்ல தண்ணி வந்து மேலை மூடினால் அந்த ஓட்டம் தளரும்."

"அண்ணை, வேலைக்கு நேரமாகுது. நான் எங்கை குளிக்கிறது?"

"அத்திலாந்திக்கே தள்ளாடப் போகுது, உமக்குக் குளிப்பு!"

இதையும் பொறுத்தோம். வினை ரெலிபோனில் வந்தது. வீடு குமாரண்ணையின் பெயரில். கொழும்பில் இருந்த அவருடைய தங்கை கலாவுக்கு நோர்வேயில் இருக்கிற மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருக்க, நீரோட்டம் ரிசீவரைப் பறித்துவிட்டார்.

"பிள்ளை, நோர்வேக்குச் சூடு குடுக்கிறதிலை அத்திலாந்திக் நீரோட்டத்துக்கும் பங்கிருக்கு. அது தளர்ந்தால் அங்கை விறைக்கும், சொல்லிப்போட்டன்!"

கலா, "யோசிக்க வேணும்" என்று போனை வைத்துவிட்டாள். குமாரண்ணை சாமியாடினார்.

"போன் எடுத்துச் சொன்னது பொய் எண்டு சொல்லும். இல்லாட்டிப் பெட்டியைக் கட்டும்!"

"பொய் எண்டு சொல்லமாட்டன்."

"வெளியிலை ஸ்நோ கொட்டுது. எங்கை போவீர்?"

"எங்கையெண்டாலும் போறன். உமக்கு மாப்பிள்ளை வேணும் எண்டதுக்காக ஐஸ் உருகாமல் இருக்குமோ?"

பெட்டியைக் கட்டியேவிட்டார் மனுசன். சப்பாத்துப் போடும்போது ரெலிபோன் அடித்தது. கலாதான். "அந்த அண்ணையிட்டைக் குடுங்கோ" என்றாளாம். குமாரண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு ரிசீவரை நீட்டினார். நாங்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் காதைக் கொண்டுபோய் ஒட்டினோம்.

"அண்ணை, உது எப்ப நடக்கும்?"

"தெரியாது பிள்ளை. எவ்வளவு தளரும் எண்டும் ஒருத்தருக்கும் வடிவாய்த் தெரியாது. ஆனால் பொய்யில்லை."

"இஞ்சை எல்லாரும் நோர்வே சொர்க்கம் எண்டுதான் சொல்லினம். தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். நான் போறன் அண்ணை. குளிர்ந்தால் இன்னொரு ஜக்கெற் போடுறன். நீங்களும் கலியாணத்துக்கு வாங்கோ."

நீரோட்டம் ரிசீவரை வைத்தார். சூட்கேஸை உள்ளே தூக்கிக்கொண்டு போனது குமாரண்ணைதான். "வந்து சாப்பிடும்" என்றார், முகத்தைப் பாராமல்.

சரியான வில்லங்கம் பிடித்த மனுசன். ஆனால் அன்றைக்கு அவர் அந்தக் கதவைத் தாண்டியிருந்தால், என்ர பெட்டியையும் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போயிருப்பேன்.