பெண்டிகோ மட்கார்டுப் பரணி

வாழ்க ட்ரென்ட் மேடிகன். பொன் விளைந்த பெண்டிகோப் பெருநகரின் தலைமகன், வீட்டுக் கூரைக்குத் தகடு பொருத்தும் தொழிலில் தோல்வி காணாதவன், எலும்பை உறைய வைக்கும் பனிக்காலத்தையும் அரைக்கால் சட்டையோடே கடக்கும் திண்ணெஞ்சன், ஒரு பெண்மகவுக்குத் தந்தை, மெர்ல் பெருமாட்டிக்கு வாய்த்த ஒரே மருமகன் வாழ்க. அவன் ஏறி உலவும் சிறுதேரும் வாழ்க. தக்காளிச் செம்மேனியும் டர்போச் சீற்றமும் ஐந்து கதவும் அமைந்த அத்தேரைக் காலையில் அவன் முடுக்கினால் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும், காக்கட்டூப் பறவைகள் மரம் மாறும், எதிர்வீட்டுக்காரர் தம் வாயிற்கதவைச் சற்றுப் பலமாகவே சாத்துவார்.

இத்தகைய தேருக்குப் பதினேழு அங்குலச் சக்கரமா என்ற துயரம் அவனை வாட்டிற்று. உண்ணும்போதும் வாட்டிற்று, உறங்கும்போதும் வாட்டிற்று, கூரைமேல் நின்று ஆணி அடிக்கும்போது மிகவும் வாட்டிற்று. ஆகவே பெரிய சக்கரம் பூட்டுவதென்று துணிந்தான். கண்ட கடையில் விற்கும் மினுக்குச் சக்கரம் அன்று. தேரைப் படைத்த கம்பெனியே தன் அச்சில் வார்த்த சக்கரம். தெருப்பொறுக்கி என்று தன்னை எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதில் வீரன் கவனமாக இருந்தான்.

இதைக் கேட்ட அவன் இல்லாள் கிரிலி, இரண்டாம் மகவைச் சுமந்து ஆறாம் திங்கள் காணும் அம்மங்கை, டோஸ்ட்டில் வெண்ணெய் தடவியவாறே வஞ்சினம் உரைத்தாள்.

“சனிக்கிழமை அம்மாவோட பந்துருட்டற டீமுக்கு ஃபைனல். நாலு பேரையும் நீதான் கூட்டிட்டுப் போற, இந்தக் கார்லதான். புது வீல் மட்கார்டுல ஒரு தடவைகூட உரசலைன்னா, காரை நீயே வச்சுக்கோ, நான் வாயே திறக்க மாட்டேன். உரசுச்சுன்னா வித்துட்டு ஏழு பேர் உட்கார்ற வண்டி வாங்கறோம்.”

“லேசா உரசினா?”

“லேசும் கிடையாது, பலமும் கிடையாது. அம்மாகிட்ட கேக்க மாட்டேன். உன்கிட்டதான் கேப்பேன்.”

இந்த இறுதி வாக்கியமே கொடிய அம்பு. ஏனெனில் நம் வீரனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே கிரிலி அதைக் கண்டு வைத்திருந்தாள்.

ஏழு பேர் உட்காரும் வண்டியை நினைத்த மாத்திரத்தில் அவன் குலை நடுங்கிற்று. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பெட்டிவண்டிக்குள் புகுந்து, பின்பு பேச்செல்லாம் குழந்தை இருக்கையும் கப் வைக்கும் குழியுமாகிப்போனதை அவன் கண்ணாரக் கண்டவன். அந்தச் செந்தேர் போனால் தன் இளமையே போயிற்று என்று அவன் மெய்யாகவே நம்பினான், பாவம்.

டயர்க்கடை ராபோ அவனுக்குப் படைத்துணை. பதினெட்டு அங்குலமும் பத்தொன்பது அங்குலமும் கடைமுற்றத்தில் அருகருகே சாய்ந்து நிற்க, நம் வீரன் கண் பத்தொன்பதை விட்டு அகலவில்லை. வாள் போன்ற ஆரக்கால்கள், வெயில் பட்டுத் தெறிக்கும் வெள்ளி விளிம்பு. நல்லவனையும் கெடுக்கும் அழகு அது.

“பதினெட்டே எடுத்துக்கோடா,” என்றான் ராபோ. “பத்தொன்பது வெளிய துருத்தும். பின்னாடி ஆள் ஏறினா மட்கார்டுல இடிக்கும்.”

“கம்பெனி வீலுடா. கம்பெனிக்காரன் தெரியாமலா செஞ்சிருப்பான்?”

“தெரிஞ்சுதான் செஞ்சான். இந்தக் காருக்கு இல்ல, இதோட அண்ணனுக்கு.” ராபோ மூலையில் கிடந்த பேஸ்பால் மட்டையைக் காட்டினான். “இல்லேன்னா ஒண்ணு பண்றேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இதைச் சொருகி உருட்டி, உள்விளிம்பை மடிச்சு விட்டுடறேன். இடம் கிடைச்சுடும்.”

“என் கார் மேல மட்டை வைப்பியா நீ? போடா அந்தப் பக்கம்.”

விதி இவ்வாறு பேசிற்று. பத்தொன்பது அங்குலமே பூட்டப்பட்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே எஞ்சிய வெளியில் ராபோவின் சுண்டுவிரல் நுழைந்தது, கட்டைவிரல் நுழையவில்லை.

பின்பு நிகழ்ந்தது சோதனை வேள்வி. மகளின் விளையாட்டுக் களிமண்ணைக் களவாடி, நீலமும் மஞ்சளுமாகத் திரித்து, நான்கு மட்கார்டின் உள்விளிம்பிலும் காப்புக் கட்டினான் வீரன். சக்கரம் தொட்டால் களிமண்ணில் தழும்பு விழும். ஸ்டியரிங்கை இடக்கோடிவரை ஒடித்தான், வலக்கோடிவரை ஒடித்தான், பள்ளிக்கூட வாசலின் வேகத்தடையில் முன்னும் ஏறினான், பின்னும் ஏறினான், போஸ்டாபீஸ் ரவுண்டானாவைத் தலை கிறுகிறுக்கும்வரை வலம் வந்தான். இறங்கிக் குனிந்து பார்த்தால் களிமண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. புல்தரையில் மண்டியிட்டு அவன் வானத்தை நோக்கி இரு கையும் உயர்த்தியதை எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலை வழியே பார்த்துவிட்டுத் தம் மனைவியைக் கூப்பிட்டார்.

ஐயகோ, மதிகெட்ட மாவீரா. அவ்வேளை உன் தேரில் இருந்தவர் யார்? நீ ஒருவன். பின் இருக்கையில் யார்? ஈ காக்கை இல்லை. தேர் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று மகளின் இருக்கையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டல்லவா நீ வேள்வி செய்தாய்.

சனிக்கிழமை விடிந்தது. புல்தரைப் பந்துருட்டும் போரில் புகழ்பூத்த நான்கு மூதாட்டியரும் வெள்ளுடையும் வெண்தொப்பியும் தரித்து மெர்ல் வீட்டு வாசலில் அணிவகுத்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை; ஒவ்வொரு பையிலும் கருங்கல்லை ஒத்த பந்துகள். அப்பைகள் டிக்கிக்குள் ஒவ்வொன்றாக இறங்க, தேரும் ஒவ்வோர் அங்குலமாக இறங்கிற்று. மெர்ல் முன்னே அமர்ந்தாள். ஜாயிஸ், வால் என்னும் இருவர் பின்னே அமர்ந்தனர். நான்காமவள் க்ளெனிஸ், இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர்மேலே, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள்.

க்ளெனிஸைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். போன பனிக்காலத்தில் கணவனைப் புதைத்தவள். வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவளை மெர்ல்தான் போய் அதட்டி இழுத்துவந்து டீமில் சேர்த்தாள். அவள் மடியில் ஒரு டப்பா. அதில் அவளே செய்த லாமிங்டன், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக்.

“நீ ஒண்ணு எடுத்துக்கயேன், க்ளெனிஸ்,” என்றாள் ஜாயிஸ்.

“எனக்கு வேண்டாம்ப்பா. எடையைக் குறைக்கணும்னு டாக்டர் ஒரே பிடியா பிடிச்சிருக்கார்.”

தேர் புறப்பட்டது. முதல் ரவுண்டானாவில் வலப்புறம் வளைந்தது. வளைந்ததும் பாரமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும், கேளுங்கள் பெருமக்களே, பாதாளத்திலிருந்து ஓர் அரக்கன் பல் கடிப்பதுபோல் எழுந்தது அவ்வோசை: க்ர்ர்ர்ர்.

வீரன் இருமினான்.

இரண்டாம் ரவுண்டானாவிலும் க்ர்ர்ர்ர். வீரன் மறுபடி இருமினான். ரேடியோவை உரக்க வைத்தான். வலப்பக்க வளைவுகளையே தவிர்க்கும் உபாயமாக இடம், இடம், இடம் என்று திரும்பி, சற்றுமுன் கடந்த பெட்ரோல் பங்குக்கே வந்து சேர்ந்தான்.

“என்ன சத்தம் அது?” என்றாள் மெர்ல்.

“ரோடு போட்ட லட்சணம், அத்தை.”

அவன் காது சிவந்தது. நல்லவேளை, காதை மூடும் தொப்பி போட்டிருந்தான்.

கிளப்புக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு பள்ளம். அங்கே எழுந்த ஓசைக்கு இருமல் போதவில்லை. ரேடியோவும் போதவில்லை. பின் இருக்கையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

“தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்தறியா? எனக்கு அடியிலதான் உரசுது. நான் இறங்கி நடந்து வந்துடறேன்.”

“நீ ஏன் இறங்கணும்?” என்றாள் வால்.

“என் கனம்தான். ஏறினப்பவே எனக்குத் தெரியும்.”

வீரன் நிறுத்தினான். ஆம், நிறுத்தினான், வாயைத் திறக்கவில்லை; காவியம் பாடுகிற எனக்கே அவனை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. க்ளெனிஸ் கதவைப் பற்றி இறங்கினாள். சக்கரம் விடுதலை பெற்றுச் செந்தேர் சற்றே நிமிர்ந்தது. நடைபாதையில் அவள் வெயிலில் மூச்சிரைக்க நடக்க, அவளுக்கு இணையாகத் தேரும் ஊர்ந்தது. இன்னொரு பள்ளம் வந்தது. ஓசை இல்லை. திருப்பம் வந்தது. அப்போதும் இல்லை.

க்ளெனிஸ் நின்று, சன்னலுக்குள் குனிந்து சிரிக்க முயன்றாள்.

“பாத்தியா, நான் இறங்கினதும் நின்னுடுச்சு. மெர்ல், இன்னைக்கு எனக்குப் பதிலா வேற யாரையாவது போட்டுக்கோ. இப்படி எல்லார் முன்னாடியும் போய் நிக்க எனக்கு வெக்கமா இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்.”

அக்கணம் வீரன் நெஞ்சகத்தே மூண்டது பெரும்போர். ஒருபுறம் டர்போவும் செம்மேனியும் வெள்ளி விளிம்பும் முரசறைந்து நின்றன. சும்மா இரு, இன்னும் ஒரு தெருதான், கிரிலி கேட்டால் கடைசித் தெருவில் உரசவில்லை என்று மெய்யே சொல்லலாம் என அவை ஓதின. மறுபுறம் ஒரு கிழவி லாமிங்டன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவளுக்கு முரசும் இல்லை, கொடியும் இல்லை. ஆனாலும் செந்தேர்ப் படை சிதறி ஓடிற்று. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க கனம் இல்ல, க்ளெனிஸ்,” என்றான். “வீல்தான். இந்தக் காருக்குப் பெருசு. பதினெட்டு போடுன்னு ராபோ தலைபாடா அடிச்சுக்கிட்டான், நான் கேக்கல. அந்த இடத்துல ஒல்லியா யார் உக்காந்தாலும் உரசத்தான் செய்யும். ஏறுங்க.”

“நெஜமாவா?”

“காது சிவக்கலை, நெஜம்தான்,” என்றாள் மெர்ல், அவன் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

“அடப்பாவி, அப்ப இவ்வளவு நேரம் என்னை நடக்க விட்டியா?” என்றாள் க்ளெனிஸ். ஏறி அமர்ந்து, டப்பாவைத் திறந்து, முதல் லாமிங்டனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எஞ்சிய தெரு முழுதும் தேர் வெற்றி முரசாய் உரசி முழங்கிற்று. ஒவ்வொரு க்ர்ர்ருக்கும் மூதாட்டியர் நால்வரும் ஓவெனக் கூவினர். தேங்காய்த் துருவல் இருக்கையெங்கும் பூமாரியாய்ப் பொழிந்தது. கிளப் வாசலில் வயிற்றின்மேல் கைவைத்து நின்ற கிரிலி அவ்வரவத்தைக் கேட்டாள். கேட்டும், சொன்ன சொல் தவறாமல் கணவன் முகத்தையே நோக்கினாள்.

“உரசுச்சா?”

“உரசுச்சு. வழியெல்லாம்.”

அவள் அவன் சட்டையிலிருந்த தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டாள். இறுதிப் போரில் மெர்ல் படை தோற்றதையும், தோற்ற கையோடு க்ளெனிஸ் மேலும் இரண்டு லாமிங்டனை வீழ்த்தியதையும், முடிசூட இருந்த செந்தேர் அடுத்த வாரமே வேறொருவன் முற்றம் புகுந்து வேறொரு நாயை எழுப்பியதையும் பாட என் நா எழவில்லை.

ஏழு பேர் உட்காரும் வண்டி சாம்பல் நிறத்தில்தான் கிடைத்தது.