படபடப்பு இல்லை, கப்ராட் உண்டு

அந்தமானின் ஹட் பே ஊரில் அவரைவிட மோசமான கணக்கெடுப்பாளர் பிறந்ததும் இல்லை, இனிமேல் பிறக்கப் போவதும் இல்லை. மற்றவர்கள் ஒரு நாளில் எட்டு வீடு முடித்தால் அவர் ஒன்றரை வீடு முடிப்பார். அதென்ன அரை வீடு என்று கேட்டால், "பாதி சொல்லும்போதே அழுதுட்டாங்க. அழுறவங்ககிட்ட போயி ஒம்பதாவது கேள்விய கேக்கச் சொல்றியா?" என்பார்.

சுனாமி வந்து போன இரண்டாவது வருடம். கரையோர வீடுகள் போய், ஜனங்கள் தகர ஷெல்டர்களில் வரிசை வரிசையாக வெந்துகொண்டிருந்த காலம். மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. நர்ஸ் ஒருவர் வாரம் தவறாமல் வீடு தேடிப் போய் உடம்பையும் மனசையும் விசாரித்தால் ஜனங்கள் தேறுவார்களா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். இருப்பது ஒரே நர்ஸ். எந்த ஊரில் தேவை அதிகமோ அந்த ஊருக்கு அவர். அதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்கு வீடு கேள்வித்தாள்.

நான் வடக்கே ரங்கத் என்ற தீவு ஊரில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். தமிழும் ஹிந்தியும் தடங்கலில்லாமல் வாயில் வரும் என்ற ஒரே தகுதிக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் உள்ளூர்க்காரர். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மனைவியும் மகளும் அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையோடு போய்விட்டார்கள். அவர் அதைப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். அவர் என்னை ஊர்ப் பெயர் சொல்லி "ரங்கத்" என்பார். நான் அவரை "அண்ணே" என்பேன். ஊர் அவரை "மத்தவை" என்றது.

அந்தப் பெயர் வந்த கதை இது. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். தாளின் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு புள்ளிக்கோடு. இவர் கட்டங்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேரே புள்ளிக்கோட்டுக்குப் போவார். அது போதாமல் ஓரத்தில் ஏறி, பின்பக்கம் திரும்பி, அடுத்த வீட்டுத் தாளிலும் கொஞ்சம் இடம் பிடிப்பார். குழுத் தலைவரான ஸார் ஒருநாள் தாள்களைத் தூக்கிக் காட்டி, "யாருய்யா இந்த மத்தவை?" என்று கத்தினார். சாயங்காலத்துக்குள் பெங்காலி மீன்காரர் வரைக்கும், "அரே மத்தவை பாய், கைஸா ஹை?" என்று நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மழையில் இவரோடு போவது தனி அவஸ்தை. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மத்தவை தொண்டை கிழியக் கேட்பார்: "வயித்தால போவுதாம்மா?" அந்த வரிசையில் உள்ள எல்லா வீட்டிலிருந்தும் பதில் வரும். "எனக்கு நின்னுருச்சு!" "எங்க வீட்டு மனுசனுக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு!" எந்தப் பதில் எந்தக் கதவு வழியாக வந்தது என்று தெரியாமல் நான் முழிப்பேன். "எல்லாத்தையும் எழுது ரங்கத். வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்பார்.

முதல் கட்டுத் தாள்களைப் பார்த்த ஸார் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "நெஞ்சுப் படபடப்பு உண்டா? இல்லை. இல்லை. இல்லை. ஊரே இல்லைன்னு சொல்லியிருக்கு. ஹட் பே ஜனங்க நல்லாவே தேறிட்டாங்க. நர்ஸை வேற தீவுக்குக் குடுத்துடலாம்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தவை மட்டும் எழுந்து போய், பாக்கியம் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். நானும் பின்னால் போனேன்.

பாக்கியமும் சிலோன் தோட்டத்துக் குடும்பம்தான். மூன்று பிள்ளைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து துறைமுக ஜெட்டியில் கப்பல் ஊதியது. அவ்வளவுதான். அந்த அம்மாள் பிள்ளையை இடுப்பில் வாரிப் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

மத்தவை கேட்டார்: "ஏம் பாக்கியம், ஒனக்குப் படபடப்பு இருக்கா?"

"அதெல்லாம் ஒரு எழவும் இல்லண்ணே."

"அப்ப இது என்னா?"

"இதா? இது கப்ராட்."

இந்தத் தீவில் பெங்காலிக்கும் தெலுங்கருக்கும் நமக்கும் பொதுவாக ஓடுவது ஹிந்தி. நெஞ்சு பதறி ஓட வைக்கிற பயத்துக்கு அதிலிருந்து எங்கள் வாயில் ஏறிய சொல் அது. ஏறிய பிறகு இறங்கவே இல்லை. 'படபடப்பு' மெயின்லேண்ட் தாளில் இருந்த தமிழ். ஜனங்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல் அவர்களுடைய வியாதியின் பெயரில்லை.

மத்தவை நேரே ஸாரிடம் போனார். "ஸார், எங்காளுங்களுக்குப் படபடப்பு கெடையாது. கப்ராட் உண்டு."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"இல்ல ஸார். படபடப்பு பரீச்சைக்குப் போனா வரும். கப்ராட் கப்பல் ஊதினா வரும்."

ஸார் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். நல்ல மனிதர், படித்தும் கெட்டுப்போகாதவர். "திரும்பக் கப்பல் ஏற எனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள எல்லா வீட்டுலயும் மறுபடி கேக்க முடியுமா?" என்றார். ஒன்றரை வீட்டு மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது!

ஆனால் அந்த மூன்று நாளும் மத்தவை நடந்த நடையை இன்றைக்கும் என் கால் மறக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி. "கப்ராட் இருக்கா?" அவ்வளவுதான், கதவு திறந்துகொள்ளும். ஒருத்தருக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும். ஒருத்தருக்கு நாய் ஊளையிட்டால் வரும். தெலுங்குக்கார மீனவர் ஒருவர் படகைத் தொட்டு இரண்டு வருஷமாயிற்று. "ஆத்மி ஹூன், கைஸே போலூன்?" என்று தலை குனிந்தார். ஆம்பளை, எப்படிச் சொல்வேன் என்கிறார். மத்தவை அவர் தோளில் கை போட்டு, "கட்டம் சின்னதுதான் பாய், ஆம்பள பொம்பள எல்லாரும் அடங்குவாங்க" என்றார். பாக்கியம் வீட்டில் 'ஆம்' போட்டபோது அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். "கவாத்து வெட்டுன தேயிலையும் துளிர்க்கும் தம்பி. ஆனா வெட்டுப்பட்டிருக்குன்னு யாராச்சும் ஒத்துக்கணும்ல?" என்றார்.

கடைசியில் ஒரே ஒரு வீடு பாக்கி. மத்தவையின் வீடு. கேட்பவர் தன் வீட்டுத் தாளைத் தானே நிரப்பக் கூடாது என்பது விதி. ஆகவே நான் கேட்டேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கேளுங்க ஆபீஸர்" என்று சிரித்தார்.

"கப்ராட் இருக்காண்ணே?"

"இல்ல."

நான் எழுதவில்லை. "ஊருக்கெல்லாம் இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்லையாக்கும்?"

"இல்லன்னா இல்லதான்." சிரிப்பு போய்விட்டிருந்தது. "கப்பல் ஊதினா பாக்கியம் ஓடுறா. தூக்கிட்டு ஓட அவளுக்கு ஒரு புள்ள இருக்கு. கப்ராட் வர்றதுக்கும் வீட்ல ஆளு வேணும் ரங்கத். நான் ஓடிப் போயி என்னத்த தூக்க?"

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லைன்னு போடு. சொன்னதத்தானே எழுதணும்" என்றார். நான் 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டேன்.

நர்ஸ் ஹட் பேக்கு வந்தார். மலையாளப் பெண், எல்லாருக்கும் 'தீதி', ஹிந்தியில் அக்கா. வாரம் தவறாமல் வந்தார். உட்கார்ந்து பேச்சுக் கேட்டார், மாத்திரை கொடுத்தார். படகைத் தொடாத மீனவர் மறுபடி கடலுக்குப் போனார். கப்பல் ஊதினால் பாக்கியம் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அப்புறம் ஓடுகிற அளவுக்குத் தேறினார். ஆனால் 'ஆம்' விழுந்த வீடுகள் மட்டுமே தீதியின் பட்டியலில் இருந்தன. அது தெரிந்தபோது நான் ரங்கத்தில் மறுபடி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்.

தீதிக்கு வழி காட்டியதும், பிரஷர் பார்க்கிற பெட்டியைச் சுமந்ததும் மத்தவைதானாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, அழுறவங்கல்லாம் வரிசையில வாங்க" என்று சத்தம் போட்டுச் சிரிக்க வைப்பாராம். தன் வீடு வந்தால் மட்டும், "இங்க ஆளில்ல தீதி, ஆகே சலோ" என்று தாண்டிக் கூட்டிப் போய்விடுவாராம்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். போனில் சொன்னது பாக்கியம்தான். "எல்லாரு வாசல்லயும் நின்ன மனுசன் தம்பி. அவரு வாசல்ல நிக்கத்தான் யாருக்கும் தோணல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பயிற்சியின்போது, ஜனங்கள் சொன்னதைத் தவிர நம் இஷ்டத்துக்கு ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானும் எல்லா வீட்டிலும் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் பொய் எழுதியிருக்கலாம்.