பேலட் காளான் குழம்பு

எல்லாம் தெரிந்தவர்களைவிட ஆபத்தானவர்கள் பாதி தெரிந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் அந்த ரகம்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, படப்பையில் வாடகை அறை. கூட வேலை பார்த்த தினேஷும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தோம். அவன் அப்பாவும் அம்மாவும் குன்றத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. “தெக்கத்திப் பொண்ணு, சமைக்குமாடா?” என்று அம்மா கேட்டதாகச் சொன்னான். (சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

முந்தின நாள் ஷிப்ட் முடிந்து வரும்போதுதான் பார்த்தேன். கம்பெனிக்குப் பின்னால், சரக்கு அடுக்கும் மர பேலட்டுகள் உடைந்து மழையில் ஊறிக் கிடந்தன. அவற்றின் மேல் கொத்துக் கொத்தாகக் காளான். சட்டைப் பொத்தான் அளவு, பழுப்பு நிறம். தென்காசிப் பக்கம் புற்றுக்காளான் தின்று வளர்ந்தவள் நான். அது மண்ணில், வெள்ளையாக, பெரிதாக முளைக்கும். இதெல்லாம் சின்ன வித்தியாசமாகத்தான் தோன்றியது. (வேலையில் மயிரிழைக் கீறலுக்கே பொருளை ஒதுக்கிவிடுவேன்.) டிபன் பாக்ஸ் நிறையப் பறித்தேன்.

மறுநாள் என் அறையில் தினேஷும் அவன் அப்பா அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் அம்மா இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினார்.

“சூப்பரா கீதும்மா! எங்க வாங்கின?”

“வாங்கலை அத்தை. கம்பெனிக்குப் பின்னாடி பழைய பேலட்டுல மொளைச்சுக் கெடந்துச்சு.”

மூன்று கைகள் அந்தரத்தில் நின்றன.

“நீ துன்னியா?”

“நீங்க சாப்பிட்ட பொறவு சாப்பிடலாம்னு…”

“டேய் தினேசு, ஆட்டோவக் கூப்புட்றா!”

மடியில் குழம்புச் சட்டியோடு நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இந்த மாதிரி சின்னக் காளான்ல விஷமும் இருக்கும், இல்லாததும் இருக்கும். பாத்துச் சொல்ல முடியாது. சிலது லேட்டாத்தான் வேலை காட்டும்” என்று மூவரையும் அங்கேயே படுக்க வைத்தார்.

வரிசையாக மூன்று கட்டில், மூன்று டிரிப்ஸ். நான் நடுவில் ஸ்டூலில். தினேஷ் இருமினால் எனக்கு உயிர் போனது. அவன் அப்பா மட்டும், “மீதி கொழம்பு இன்னா ஆச்சு?” என்று விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது அழுது வீங்கிய என் முகத்தை அத்தை பார்த்தார்.

“வேற எவளாச்சும்னா பஸ் ஏறி ஊருக்கு ஓடியிருப்பா. நீ இங்கயே குந்திகினு கெடந்த. கல்யாணத்த வெச்சிக்கலாம்.”

எங்கள் வீட்டில் இன்றும் மருமகள்தான் முதலில் சாப்பிட வேண்டும். நான் நாலு வாய் சாப்பிட்டு, அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்துத் தலையசைத்த பிறகே மற்றவர்களுக்கு இலை. விருந்துக்கு வரும் உறவினர்கள், இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.