சுறா கடித்த டயர்

இந்தக் கதையை ஐந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள். எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

அன்றைக்கு என் வேலை ரொம்பச் சின்னது. சிறுவாச்சூர் தையல் கடையில் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு அரியலூர் போக வேண்டும். அவ்வளவுதான்.

புடவை என் மகனின் நிச்சயதார்த்தத்துக்கு. பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவார்கள். முந்தானைக்குக் குச்சம் கட்டக் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் புடவை போய்ச் சேர வேண்டும்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் காலையிலேயே வேனில் ஏறிவிட்டார்கள். கிளம்பும்போது என் மனைவி மல்லிகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னங்க, பெரம்பலூர் போயி மெயின் ரோட்டுலயே வாங்க. குறுக்கு வழின்னு எதுலயாவது பூந்துடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னாக் கேக்கும்."

வேனே சிரித்தது. டிரைவர்கூட!

எட்டு மணிக்குத் தருவதாகச் சொன்ன தையல்காரர், எட்டே முக்காலுக்குத்தான் கடைசிக் குச்சத்தைக் கட்டினார். வெளியே வந்தால் ரோடு முழுக்க வேனும் காரும். சிறுவாச்சூரில் கோயில் நடை திறப்பதே திங்களும் வெள்ளியும்தான். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை என்பது தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் என்பது அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது.

நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. அதுதான் என் கோளாறு. ஸ்கூட்டரை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் யோசித்தேன். மெயின் ரோடா, உள் ரோடா? மனைவி சொன்னதைக் கேட்பது அறிவா, பயமா? பயம் இல்லை என்று எனக்கே நிரூபிக்க, காரை கிராமம் வழியாக உள் ரோட்டில் புகுந்தேன்.

காரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மழை அரித்த மண்ணும் மேடு பள்ளமுமாக ஒரே பொட்டல். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கே போய்ப் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன். டயர் சப்பென்று உட்கார்ந்திருந்தது.

தள்ளினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பட்டு வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பஞ்சர்மா. கடை எங்க இருக்கு?"

"தோ, கூப்புடுற தூரந்தான்."

அந்த அம்மாவுக்கு நல்ல தொண்டையாக இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளினேன்.

ஒரு புளியமரம். அதில் ஒரு பழைய டயர் தொங்கியது. அதுதான் கடை. கடைக்காரர் செல்வராசுவுக்கு என் வயதுதான் இருக்கும்.

"டியூப் டயரு. கழட்டித்தான் பாக்கணும். உக்காருங்க சார்."

"ரொம்ப அவசரங்க."

"டயருக்கு அது தெரியாதே சார்."

அவர் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். என் போன் அடித்தது. மல்லிகா. அந்தப் போனில் காதில் வைத்துப் பேச முடியாது. ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே உரையாடல் புளியமரத்துக்கே கேட்டது.

"எங்கங்க இருக்கீங்க?"

"பேரளி தாண்டிட்டேன்."

செல்வராசு நிமிர்ந்து பார்த்தார். பேரளி மெயின் ரோட்டு ஊர். அது அங்கிருந்து எந்தத் திசை என்று அவருக்குத் தெரியும்.

"என்னங்க டங்கு டங்குன்னு சத்தம்?"

"லாரி."

செல்வராசு சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"வண்டி ஓடுற சத்தமே காணுமே? பஞ்சர்னு மட்டும் சொல்லாதீங்க! எங்க அண்ணன் வூட்டு வளைகாப்புக்கு முள்ளு குத்திச்சுன்னு பந்தி முடிஞ்சு வந்தீங்க. எங்க தங்கச்சி வூட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆணி குத்திச்சு. இன்னைக்கும் முள்ளு, ஆணின்னு வந்து நின்னீங்க, சம்பந்தி முன்னாடியே கேட்டுப்புடுவேன், ஆமா!"

போனை வைத்துவிட்டாள். இத்தனைக்கும் வளைகாப்பு அன்று குத்தியது நிஜமான முள். உண்மையை நான் சொன்னால் ஏன் பொய் மாதிரியே இருக்கிறது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

செல்வராசு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்தது. "உப்புத்தாள எங்க வெச்சேன்" என்று திரும்பிக்கொண்டு அலமாரியைக் குடைந்தார். பிறகு டயருக்குள் கையை விட்டுத் தடவினார்.

"ஆங்! மாட்டிக்கிச்சு."

"முள்ளா?" என்றேன், அழாத குறையாக.

"இல்ல சார்."

"ஆணியா?"

"ஆணியும் இல்ல. சுறாப் பல்லு."

உள்ளங்கையில் காட்டினார். பழுப்பாக, முக்கோணமாக, பளபளவென்று ஒரு பல்!

"சுறாவா? இங்க ஏதுங்க கடலு?"

"இருந்துச்சு சார். பத்துக் கோடி வருசம் முன்னாடி இதெல்லாம் கடலுதான். காலேஜ் புள்ளைவோ பஸ்ஸு வெச்சு வந்து பொறுக்கிட்டுப் போவுதுவோ."

"அத்தனை வருஷம் கழிச்சு என்னையா கடிக்கணும்?"

"அதுக்கு நேரம் இன்னைக்குத்தான் வாய்ச்சிருக்கு. பத்திரமா வெச்சுக்கங்க சார். கேட்டாக் காட்டலாம்."

அரியலூரில் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். சம்பந்தி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்ணின் தாய்மாமன்தான் வாயைத் திறந்தார். "ராகு காலம் பொறந்தாச்சு. புடவையே இப்பத்தான் வருது. சகுனம் சரியில்லயே மச்சான். பேசாம இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

என் மகன் என்னைப் பார்த்தான்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மல்லிகா. குரலில் முள்ளும் இருந்தது, ஆணியும் இருந்தது.

"டயர..." என்றேன். "சுறா கடிச்சிருச்சு."

தாய்மாமன் எழுந்து வந்து, கட்டிப்பிடிப்பது போல நெருங்கி, என் வாயை மோந்து பார்த்தார்!

நான் பல்லை எடுத்து நீட்டினேன். கைக்குக் கை மாறியது. சம்பந்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். அவ்வளவுதான், சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் சக்கரம் அளவுக்கு ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். சுருள் சுருளாக ஒரு கல் நத்தை.

"எங்க கொல்லையில கெணறு வெட்டுறப்ப வந்தது சம்பந்தி. காத்துல கதவு அடிக்காம இருக்க முட்டு வெச்சிருக்கோம்."

"இது என்ன மச்சான் நத்தை?" என்றார் தாய்மாமன். "எங்க வூட்டுல கெடக்குறத வந்து பாரு. ரெண்டு ஆளு வேணும் தூக்க."

"போன வருசம் ஒரு ஆளு போதும்னியே?" என்றார் சம்பந்தி.

"நீ வந்து பாத்தியா?"

"அளந்து பாப்பமா?"

பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் தங்கள் வயலில் கிடைத்த நத்தையையும் கல்லாகிப்போன மரத்தையும் சொல்ல ஆரம்பித்தார்கள். யாருடைய நத்தை பெரிது என்று முடிவாகவில்லை. ஆனால் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ராகு காலம் போனதே தெரியவில்லை. பெண் புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள். தட்டு மாற்றினோம்.

பந்தியில் மல்லிகா என் காதருகே குனிந்தாள். "சுறாப் பல்லு காரைப் பக்கந்தான் கெடைக்கும்னு சம்பந்தி சொல்றாரே. பேரளியில எப்படிங்க கடிச்சுச்சு?"

நான் பாயசம் கேட்டேன்.

பல் இப்போது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. ஒரு நாள் அதை ஸ்கேல் வைத்து அளந்தேன். டயர் ரப்பரின் கனத்தையும் அளந்தேன். பல்லின் நீளத்தைவிட ரப்பரின் கனம் அதிகம். அப்படியானால் பல்லின் நுனி டியூபை எட்டியது எப்படி? ஒரு குடும்பமே நம்பிவிட்ட பிறகு இதை யாரிடம் கேட்பது?

போன வாரம் மல்லிகா சொன்னாள்: "எனக்கும் அந்தப் பஞ்சர் கடைய ஒரு தடவ பாக்கணும்ங்க. வர்ற வெள்ளிக்கிழமை போவோம்."

நேற்றே நான் தனியாகப் போய்விட்டேன்.

"சுறா சார்! வாங்க வாங்க!" என்றார் செல்வராசு. "காத்துப் புடிக்கவா? வால்வு மூடி ஒண்ணு கொறையுதே சக்கரத்துல." அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கையில் கவிழ்த்தார்.

மூடி விழவில்லை. பல் விழுந்தது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி!

அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அம்மா போன்ல பேசுனத நானுந்தானே சார் கேட்டேன்" என்றார் மெதுவாக. "குத்துனது கருவ முள்ளுதான்னு சொல்லி அனுப்ப மனசு வரல."

ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆகவே வேறொன்றைத்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை என் வூட்டம்மா வருவாங்க. அன்னைக்கு மட்டும் அந்த டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வைப்பீங்களா?"